பழைய லேப்டாப்பைக் கழட்டி மாட்டின கதை: டிஸ்க், பேஸ்ட், மின்ட், தமிழ்99

டிகிரி முடிஞ்சாச்சு, ஆஃபர் லெட்டர் கையில இருக்கு, ஜாயினிங் டேட் மட்டும் வரல, கேட்டா "சொல்றோம்"னு ஒரே பதில். ரூமைக் காலி பண்ணிட்டு மூட்டை முடிச்சோட வீட்டுக்கு வந்து உக்காந்தாச்சு. தம்பி இந்த வருஷம் காலேஜ் சேர்றான், எனக்கு எப்படியும் ஆஃபிஸ்ல ஒரு லேப்டாப் குடுப்பாங்க, அதனால நான் வச்சிருந்தது அவனுக்குன்னு வீட்ல முடிவாகிடுச்சு. அவன் அதை ஆன் பண்ணிட்டு குளிக்கப் போய் வந்தா அப்பத்தான் டெஸ்க்டாப் வந்து நிக்குது, குரோம் ஐகானைக் கிளிக் பண்ணிட்டு பொறுமையா தலை துவட்டிக்கலாம். "அக்கா, இதுக்கு நான் ஃபோன்லயே படிச்சுக்கறேன்"னு திருப்பிக் குடுத்துட்டான். சரி, சும்மாதான இருக்கோம், இதை ஒரு வழி பண்ணிடுவோம்னு இறங்கினதுதான் இது.

மெஷின் இன்டெல் ஐ5 7200யு, ரெண்டு கோர் நாலு த்ரெட், 15 வாட் சிப். 4 ஜிபி ரேம் போர்டோட சோல்டர் பண்ணி வச்சிருக்காங்க, கூட ஒரு ஸ்லாட் காலி. 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. எனக்கு முன்னாடி பெரியம்மா பையன் அண்ணன் வச்சிருந்தது, அவர் குடுக்கும்போதே "ஸ்லோவா இருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல"ன்னுதான் குடுத்தார். எல்லாருமே அந்த ஸ்லோன்ற ஒரே வார்த்தையோட நிறுத்திடறோம், எது ஸ்லோன்னு யாரும் கேக்கறதில்ல. புதுசு வாங்கலாமா, ரேம் போடலாமான்னு யோசிக்கறதுக்கு முன்னாடி டைம் எங்க போகுதுன்னு பாக்கணும், அதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தா சிபியு 12 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். இது வரைக்கும் எல்லாரும் பாத்திருப்பீங்க. அதுக்குக் கீழ ரீட் ஸ்பீடுன்னு ஒண்ணு காட்டும் பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. 0.9 எம்பி, 1.3 எம்பின்னு நொண்டிட்டு இருந்துச்சு. ஆனா அதே டிஸ்க்ல ஒரு பெரிய வீடியோ ஃபைலைக் காப்பி பண்ணா 90 எம்பி வரைக்கும் ஜம்முனு போகுது. அப்போ 100 சதவீதம் பிஸின்னு சொல்றது படிக்கிறதுல இல்ல, தேடறதுல.

கணக்கு போட்டுப் பாத்தா சிரிப்பு வருது. ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு தட்டு சுத்தும், அதை ஹெட்னு ஒரு முள் படிக்கும், தட்டுல இருக்கற சின்னச் சின்ன கட்டம்தான் செக்டார். நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தற (5400 ஆர்பிஎம்) டிஸ்க் ஒரு சுத்து சுத்த 11 மில்லிசெகண்ட் ஆகும். நமக்கு வேணும்ங்கற செக்டார் ஹெட்டுக்கு அடியில வர்றதுக்கு சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், அது 5.5. அதுக்கு முன்னாடி ஹெட் சரியான ட்ராக்குக்கு நகரணும், லேப்டாப் டிஸ்க்குக்கு அது ஒரு 12ன்னு வச்சுக்கங்க. ஆக ஒரு தடவை தேடி எடுக்க 17, 18 மில்லிசெகண்ட், ஒரு செகண்டுக்கு 60 தடவை கூட முடியாது. ஒவ்வொரு தடவையும் 4 கேபி துண்டு எடுத்துட்டு வந்தா செகண்டுக்கு 240 கேபி தேறாது. விண்டோஸ் ஆன் ஆகும்போது அது படிக்கிறது முக்கால்வாசி இந்த மாதிரி அங்கங்க சிதறிக் கிடக்குற சின்னச் சின்ன துண்டுதான், அதுல ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், அப்டேட் ஒரு பக்கம் அதே ஹெட்டைப் புடிச்சு இழுக்குது. சுத்தற பாகமே இல்லாத எஸ்எஸ்டில, சாதாரண சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டுற அதே கனெக்டர்) வகை கூட இதே 4 கேபி துண்டை ஒவ்வொண்ணா எடுத்தாலும் செகண்டுக்கு 30 எம்பிக்கு மேல தரும். பாக்ஸ் மேல 550 எம்பின்னு போட்டிருக்கறது பெரிய ஃபைலுக்கு, தினமும் நாம உணர்ற வித்தியாசம் அந்த 550ல இல்ல, இந்த நூறு மடங்குல இருக்கு.

அடுத்து டிஸ்க்கோட ஹெல்த் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டேன். மஞ்சள் கலர்ல காஷன். கரன்ட் பெண்டிங் செக்டார் ஜீரோவா இருக்கணும், இதுல இல்ல. பெண்டிங்னா டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்கப் பாத்து முடியாம, "அடுத்த தடவை இதுல எழுத வரும்போது பாத்துக்கலாம்"னு குறிச்சு வச்சிருக்கு. ரீஅலோகேட்டட்னா கெட்டுப்போனதுக்கு பதிலா ஸ்பேர்ல இருந்து வேற இடம் ஒதுக்கியாச்சுன்னு அர்த்தம். ரீஅலோகேட்டட் கூட பரவால்ல, கைவசம் ஒரு மாத்து இடம் இருக்கு. பெண்டிங்னா அங்க இருந்த டேட்டா இந்த நிமிஷத்துல படிக்க வரலன்னு அர்த்தம், அதான் பயம். ஆக ஸ்க்ரூடிரைவர் எடுக்கறதுக்கு முன்னாடி காப்பி எடுத்தாகணும்.

மூணாவது ஹீட். டெம்பரேச்சர் காட்டுற எச்டபிள்யுஇன்ஃபோல சென்சாரை மட்டும் திறந்து வச்சுட்டு ஒரு வீடியோவை கன்வர்ட் பண்ண விட்டா, கொஞ்ச நேரத்துல 98 டிகிரி. இந்த சிப்போட லிமிட் 100. அந்த இடத்துக்கு வந்ததும் அதுவா ஸ்பீடைக் குறைச்சுக்கும், 3.1 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 1.6க்கு இறங்கிடுச்சு. ஃபேன் சத்தம் மட்டும் ஹால் வரைக்கும் கேக்குது, காத்து வர்ற ஓட்டைகிட்ட கையை வச்சா ஒண்ணுமே வரல. சத்தம் இருக்கு, காத்து இல்லன்னா உள்ள அடைச்சிருக்குன்னு சொல்ல பெரிய இன்ஜினியர் வேணாம்.

இப்ப டேட்டா கதை, இது ரெண்டு இடத்துல. ஒண்ணு டிஸ்க்ல இருக்கறது, இன்னொண்ணு காலேஜ் மெயில் ஐடில இருக்கறது. பாஸ் அவுட் ஆனவங்க அக்கவுன்ட்டை மூடப் போறோம், வேணும்ங்கறதை எடுத்துக்கங்கன்னு மெயில் வந்திருந்துச்சு, கூகுள் அக்கவுன்ட்தான் அது. கூகுள்ல நம்ம டேட்டாவை மொத்தமா டவுன்லோட் பண்ற டேக்அவுட்ல போய் மெயில், டிரைவ் எல்லாத்தையும் டிக் பண்ணி ஜிப்பா எடுத்தேன், ஜிப் சைஸை நாமளே செலக்ட் பண்ணலாம், மெயில் எல்லாம் எம்பாக்ஸ் ஃபார்மட்ல வரும், தண்டர்பேர்ட்ன்ற மெயில் ஆப்ல ஆட்-ஆன் போட்டு இம்போர்ட் பண்ணிக்கலாம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா டேக்அவுட் நம்ம பேர்ல இருக்கற ஃபைலை மட்டும்தான் எடுக்கும். "ஷேர்ட் வித் மி"ல இருக்கறது வராது. க்ரூப் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் யாரோ ஒருத்தங்க டிரைவ்ல இருக்கும், அந்த ஆளோட அக்கவுன்ட்டும் இதே நாள்ல மூடப் போகுது. அதனால ஷேர்ட் லிஸ்டை மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டி, வேணும்ங்கறதை மேக் எ காப்பி போட்டுட்டுதான் டேக்அவுட் கேட்டேன். எங்க வாட்ஸ்அப் க்ரூப்ல இதைச் சொன்னதும் செத்துக் கிடந்த க்ரூப் திடீர்னு உயிர் வந்துச்சு, "அந்த லேப் ரெக்கார்ட் யார்கிட்ட இருக்கு"ன்னு ராத்திரி முழுக்க மெசேஜ்.

அந்த ஐடி வச்சு லாகின் பண்ண மத்த சைட் எல்லாம் தனி தலைவலி. கூகுள் அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல எந்தெந்த ஆப்புக்கு சைன் இன் குடுத்திருக்கோம்னு லிஸ்ட் இருக்கு, ஒவ்வொண்ணா போய் பர்சனல் மெயிலுக்கு மாத்தினேன். கோட் போட்டு வைக்கற கிட்ஹப்ல மட்டும் காலேஜ் மெயிலைத் தூக்கக்கூடாது, தூக்கினா அந்த மெயில்ல போட்ட பழைய கமிட் (சேவ் பண்ண கோட் மாற்றம்) எல்லாம் நம்ம பேரோட ஒட்டாம போயிடும். பர்சனல் மெயிலை சேத்து பிரைமரி ஆக்கிட்டு, பழசை அப்படியே விட்டுட்டு, பாஸ்வேர்ட் ரீசெட் பிரைமரிக்கு மட்டும் போற மாதிரி செட்டிங் மாத்திட்டா போதும்.

டிஸ்க் காப்பிக்கு வருவோம். கெட்டுப்போற டிஸ்க்கை விண்டோஸ்குள்ள இருந்து டிராக் பண்ணி காப்பி பண்ணா, ஒரு கெட்ட செக்டார் வந்ததும் அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும், டிஸ்க்கும் திரும்பத் திரும்ப அதையே படிக்கப் பாத்து இன்னும் தேயும். அதனால ஒரு பென்டிரைவ்ல, அதுல இருந்தே பூட் பண்ண வைக்கற வென்டாய் டூலைப் போட்டு, விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட்டோட ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி பண்ணி, இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே லைவா பூட் பண்ணேன். வென்டாய்ல வசதி என்னன்னா ஒரு தடவை ரெடி பண்ணிட்டா போதும், அப்புறம் எத்தனை ஐஎஸ்ஓ வேணாலும் சும்மா காப்பி பேஸ்ட்தான். லைவ்ல, கெட்ட டிஸ்க்ல இருந்து டேட்டா மீட்கற ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இன்ஸ்டால் பண்ணி, முழு டிஸ்க்கையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இமேஜ் ஃபைலா எடுத்தேன். இது முதல் ரவுண்டுல நல்லா இருக்கற இடத்தை எல்லாம் வேகமா அள்ளிட்டு, முரண்டு பண்ற இடத்தைத் தாண்டிப் போயிடும், எது எது விட்டுப்போச்சுன்னு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும். நடுவுல நிறுத்தினாலும் அந்த மேப் ஃபைலைக் குடுத்தா விட்ட இடத்துல இருந்து தொடரும். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கிட்டேன். கடைசில மீட்க முடியாம போனது சில கேபிதான், அதுவும் விண்டோஸோட ஏதோ லாக் ஃபைல்ல விழுந்திருக்கு, அம்மாவோட ஃபோட்டோ ஃபோல்டர் முழுசா வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் நிம்மதியா கீழ் மூடியைப் பாத்தேன்.

கழட்டுறதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா யூட்யூப் வீடியோல இந்த இடம் எல்லாம் ஃபாஸ்ட் ஃபார்வர்ட்ல போயிடும். மாடல் நம்பர் போட்டு சர்வீஸ் மேனுவல்னு தேடினா பெரும்பாலும் பிடிஎஃப் கிடைக்கும், அதுல எந்த ஸ்க்ரூ எங்கன்னு படமே இருக்கும். ஒரு அட்டைல லேப்டாப்போட அடிப்பக்கத்தை வரைஞ்சு, கழட்ற ஸ்க்ரூவை அந்தந்த இடத்துலயே குத்தி வச்சேன். நீளம் வேற வேறயா இருக்கும், குட்டி ஸ்க்ரூ இருந்த ஓட்டைல நீள ஸ்க்ரூவை முறுக்கினா மேல் பக்கம் கீபோர்ட் பக்கத்துல புடைச்சுக்கிட்டு வரும், இல்ல போர்டைக் குத்தும். வெளிய தெரியற எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் ஒரு மூலை வரலன்னா இழுக்காதீங்க, ரப்பர் புஷ்ஷுக்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். இதுல டிவிடி டிரைவை வெளிய உருவினா அந்த குழிக்குள்ள இன்னும் ரெண்டு. அப்புறம் பழைய ஏடிஎம் கார்டை இடுக்குல விட்டு ஓரமா நகத்திட்டே போனா லாக் ஒவ்வொண்ணா டக் டக்குனு விடும், ஒவ்வொரு டக்குக்கும் தம்பி ஒரு தடவை முழிச்சான்.

"அக்கா, இதையெல்லாம் எப்படி திரும்ப மாட்டுவ?"

"ஃபோட்டோ எடுத்துட்டே வா, பேசாத."

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்கறது. ஒயரைப் பிடிச்சு இழுக்காம, பிளக்கோட ரெண்டு ஓரத்தையும் நகத்தால மாத்தி மாத்தி தள்ளினா வெளிய வரும். அதுக்கப்புறம் பவர் பட்டனை ஒரு பத்து இருபது செகண்ட் அமுக்கிப் பிடிச்சா போர்டுல மிச்சம் இருக்கற சார்ஜும் போயிடும். பட்டையா இருக்கற ரிப்பன் கேபிளுக்கு ஒரு சின்ன லாட்ச் இருக்கும், கறுப்பு இல்ல பிரவுன் கலர்ல, நகத்தால தூக்கினா எழுந்து நிக்கும், நின்ன பிறகு கேபிள் தானா வழுக்கிட்டு வெளிய வரணும். வரலன்னா லாட்ச் இன்னும் முழுசா திறக்கலன்னு அர்த்தம், பலம் காட்டுற இடம் இது இல்ல, அந்த லாட்ச் உடைஞ்சா போர்டுல சோல்டரிங் வேலை ஆகிடும்.

ஃபேனைக் கழட்டினதும் காத்து வராத காரணம் கண்ணு முன்னாடி இருந்துச்சு. ஃபேன் ஊதற வாய்க்கும் செம்பு ஃபின்னுக்கும் நடுவுல தூசி ஒரு குட்டி மெத்தையா படிஞ்சிருக்கு, ட்வீசரால ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா முழுசா ஒரே துண்டா உரிஞ்சு வந்துச்சு. வெளிய இருந்து எவ்வளவு ப்ளோயர் அடிச்சாலும் இது போகாது, இன்னும் உள்ள தள்ளி இறுக்கும், ஃபேனைக் கழட்டினாதான் உண்டு. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா அது சுத்த வேண்டிய ஸ்பீடை விட அதிகமா சுத்தி பேரிங் போயிடும்.

சிப்போட சூட்டை இழுக்கற ஹீட்சிங்க்ல ஸ்க்ரூ பக்கத்துலயே 1, 2, 3, 4ன்னு நம்பர் போட்டிருப்பாங்க. கழட்டும்போது நாலுல இருந்து தலைகீழா, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா, ஒரு பக்கம் மட்டும் முழுசா தளர்த்தினா சிப் மேல சாய்வா அழுத்தம் விழும். லேசா முறுக்கி தூக்கினதும் சிப்புல இருந்து ஹீட்சிங்க்குக்கு சூட்டைக் கடத்தற பழைய பேஸ்ட் காஞ்சு பொடியா உதிர்ந்துச்சு, சிப்போட ஒரு மூலைல பேஸ்ட்டே இல்ல. இந்த யு சீரிஸ் சிப்ல ஒரே பச்சை பேக்கேஜ் மேல ரெண்டு கண்ணாடித் துண்டு தெரியும், ஒண்ணு சிபியு, இன்னொண்ணு சிப்செட். என் லேப்டாப்ல ஹீட்சிங்க் உக்கார்றது சிபியு மேல மட்டும்தான், சிப்செட் சும்மா காத்தாடிட்டு இருக்கு, அதுக்கும் பேஸ்ட் தடவிட்டு வேஸ்ட் பண்ண வேணாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச காட்டன்ல துடைச்சு, காய விட்டு, மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட் ஒரு சின்னக் கோடு போட்டு, ஒன் டு ஃபோர் ஆர்டர்ல திரும்ப முறுக்கியாச்சு. பேஸ்ட்டுக்கு பதிலா லிக்விட் மெட்டல் போடலாமான்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். அதுல கேலியம் இருக்கு, அலுமினியத்துல பட்டா அரிச்சு உடைச்சுடும், ஒரு சொட்டு வழிஞ்சா போர்டு ஷார்ட். 15 வாட் சிப்புக்கு அந்த ஆட்டம் தேவையே இல்ல.

எஸ்எஸ்டி எது வாங்கறதுன்னு பாத்தப்போ எல்லாரும் போர்டுலயே சொருகற பட்டை மாதிரி எம்.2 சொன்னாங்க. போர்டுல எம்.2ன்னு எழுதி இடமெல்லாம் விட்டிருக்காங்க, பேட் இருக்கு, ஸ்க்ரூ ஓட்டை கூட இருக்கு, கனெக்டர் மட்டும் சோல்டர் பண்ணல. அதே மாடல்ல விலை கூடின வெர்ஷனுக்கு வச்சிருப்பாங்க போல. உங்க லேப்டாப்ல ஸ்லாட் இருந்தாலும் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயான்னு மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க, உள்ள போகுதுன்னா வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல. நான் ரெண்டரை இன்ச் சாட்டா, 500 ஜிபி எடுத்தேன். டிரேம் கேஷ் (எஸ்எஸ்டிக்குள்ள இருக்கற குட்டி மெமரி) இருக்கறதாப் பாத்து வாங்கினேன், ஏன்னா எந்த டேட்டா எந்த செல்லுல இருக்குன்ற மேப்பை எஸ்எஸ்டி எங்கயாவது வச்சுக்கணும், டிரேம் இல்லாத என்விஎம்இ அதுக்கு கம்ப்யூட்டரோட ரேம்ல இருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கும், சாட்டால அந்த வசதி கிடையாது. மாட்டுறது ஒரு வேலையே இல்ல, பழைய டிஸ்க்ல இருந்த பிராக்கெட்டைக் கழட்டி இதுல போட்டு சொருகினா முடிஞ்சுது.

ரேம் 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் ஒண்ணு, 2400ன்னு எழுதியிருக்கும், இந்த சிப் 2133லதான் ஓட்டும், பரவால்ல. 4ம் 8ம் சேந்து 12, சைஸ் வேறன்னா டூயல் சேனல் (ரெண்டு ரேமையும் ஒரே நேரத்துல படிக்கறது) வராதுன்னு சிலர் சொல்வாங்க, இன்டெல்ல 4க்கு 4 சேந்து டூயலாவும் மிச்சம் 4 சிங்கிளாவும் ஓடும். ரேம் விஷயம் அவ்வளவுதான்.

மாட்டிட்டு அதே வீடியோ கன்வர்ஷனை லைவ் லினக்ஸ்ல ஓட விட்டேன். 74 டிகிரிக்கு மேல ஏறல, ஸ்பீடு 2.7க்கு கீழ இறங்கல. அதே சிப்தான், மூச்சு விட வழி பண்ணது ஒண்ணுதான் வித்தியாசம்.

இப்ப எந்த ஓஎஸ். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுடுச்சு. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா இன்டெல் 8வது தலைமுறைல இருந்துதான், இது 7வது, ஒரு படி கம்மி. செக்கிங்கை ஏமாத்தி இன்ஸ்டால் பண்ற வழி எல்லாம் இருக்கு, ஆனா நான் ஆஃபிஸ் போன பிறகு அப்டேட் எதுவும் மக்கர் பண்ணா தம்பி எனக்குதான் ஃபோன் பண்ணுவான். அதனால லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும், அவன் டிகிரி முடிக்கற வரைக்கும் தாங்கும். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் பண்ணியிருக்கலாம், ஆனா ரெண்டு பேர் வருஷக்கணக்கா இன்ஸ்டால் பண்ணி மறந்து போனதை எல்லாம் சேத்து வேகமா ஓட்டுறதுல எனக்கு இஷ்டமில்ல.

தம்பிக்கு லினக்ஸ்னதும் முகம் சுருங்கிடுச்சு. "கேம் ஓடுமாக்கா?" "இன்டெல் எச்டி 620 கிராஃபிக்ஸ்ல எந்த ஓஎஸ்லடா கேம் ஓடுச்சு?" அதுக்கு பதில் இல்ல. ஆனா பவர் பட்டனை அமுக்கினதும் லாகின் ஸ்க்ரீன் வந்து நின்ன வேகத்தைப் பாத்துட்டு மறுபடி ஷட்டவுன் பண்ணி மறுபடி ஆன் பண்ணிப் பாத்தான், அப்புறம் வாய் திறக்கல. வைஃபை, ப்ளூடூத், கேமரா எல்லாம் எதுவும் தேடாமலே வந்துடுச்சு. டைம்ஷிஃப்ட்ல ஸ்னாப்ஷாட் ஆன் பண்ணி வச்சேன், ஏதாவது சொதப்பினா பழைய நிலைமைக்குத் திரும்பிக்கலாம். எஸ்எஸ்டிக்கு ட்ரிம் (அழிச்ச ஃபைல் இருந்த இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்றது) பண்ணணும்னு பழைய டுடோரியல்ல ஏதேதோ கமாண்ட் போடச் சொல்வாங்க, இப்ப வாரத்துக்கு ஒரு தடவை அதுவா ஓடும்படி டைமர் ஏற்கனவே இருக்கு, கை வைக்க வேணாம்.

தமிழ் டைப்பிங் செட் பண்ணதுதான் எனக்கு இதுல பிடிச்ச பகுதி. மின்ட்ல இன்புட் மெத்தட்ல ஐபஸ், கூட எம்17என் பேக்கேஜ் ரெண்டையும் போட்டு, லாக் அவுட் பண்ணி உள்ள வந்தா தமிழ்ல ஃபோனடிக், இன்ஸ்க்ரிப்ட், தமிழ்99னு கீபோர்ட் லேஅவுட் எல்லாம் லிஸ்ட்ல இருக்கும். நான் காலேஜ்ல ஃபோனடிக்தான், "ammaa" மாதிரி இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல அடிச்சுப் பழகினவதான்னு சொல்லிக்கலாம், சும்மா இருக்கற இந்த நேரத்துல தமிழ்99க்கு மாறிட்டேன். உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே எழுத்தை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்கு புள்ளி அதுவா விழும், நாம தேட வேணாம். அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, அவ்வளவுதான், நாலு தட்டு. ந அடிச்சுட்டு த அடிச்சா ந்தன்னு அதுவே புரிஞ்சுக்கும். முதல்ல விரல் தடுமாறும், எரிச்சலா வரும், அப்புறம் ஒரு கட்டத்துல ஸ்பெல்லிங் யோசிக்கறது நின்னு போயிடுது, வாயில வர்றது அப்படியே கைக்குப் போகுது. இந்தப் பதிவு முழுக்க அதுலதான் அடிச்சது.

டிடிரெஸ்க்யூ இமேஜ்ல அப்பா எப்பவோ டைப் பண்ணி வச்ச கடிதங்கள் ஒரு ஃபோல்டர் கிடைச்சுது, திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சிடாதீங்க, அது பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட்ல அடிச்சதா இருக்கும், உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, அந்த ஃபான்ட்தான் அதைத் தமிழா வரைஞ்சு காட்டும். பாமினி டு யூனிகோட் கன்வர்ட்டர் நெட்ல நிறைய இருக்கு, போட்டு மாத்தி லிப்ரேஆஃபிஸ்ல சேவ் பண்ணேன். அப்பா அதையெல்லாம் போச்சுன்னே நினைச்சிருந்தார், இப்ப உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சு திருத்திட்டு இருக்கார், லேப்டாப் யாருக்குன்னு புது சண்டை ஆரம்பிக்கும் போல.

கழட்டின பழைய டிஸ்க்கை யுஎஸ்பி சாட்டா கேபிள்ல போட்டு முழுசா ஜீரோ எழுதிப் பாத்தேன், ரெண்டரை இன்ச் டிஸ்க்குக்கு யுஎஸ்பியோட 5 வோல்ட்டே போதும், தனி அடாப்டர் வேணாம். எழுதி முடிச்சதும் பெண்டிங் ஜீரோ ஆகிடுச்சு, ரீஅலோகேட்டட் ஏறிடுச்சு, அதாவது கெட்ட இடத்துக்கு எல்லாம் ஸ்பேர் ஒதுக்கிடுச்சு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல பெண்டிங் போயிடுச்சுன்றதுக்காக இதை நம்பி பேக்கப் வைக்கற ஐடியா எல்லாம் இல்ல. படம் போட்டு டிவில மாட்டிப் பாக்கறதுக்கு வச்சிருக்கேன், போனா போகட்டும்.

மிச்சம் இருக்கறது பேட்டரி. புதுசா வரும்போது 41 வாட்ஹவர், இப்ப ஃபுல் சார்ஜ்ல 18 சொச்சம், பாதி கூட இல்ல. உப்பல, அதைக் கழட்டினப்பவே தட்டையான டேபிள் மேல வச்சுப் பாத்துட்டேன், உப்பியிருந்தா மத்த வேலையை விட அதைத்தான் முதல்ல தூக்கியிருக்கணும். பேட்டரி மேல இருக்கற பார்ட் நம்பரும் வோல்டேஜும் ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன், ஒரிஜினல் கிடைக்குதான்னு தேடிட்டு இருக்கேன், லேபிள்ல 41க்கு பதிலா 60ன்னு போட்டு அதே சைஸ்ல விக்கறதை எல்லாம் தொடவே மாட்டேன். வலது பக்க ஹிஞ்ச் கொஞ்சம் டைட்டா இருக்கு, அதோட நட்டை ஒரு கால் சுத்து தளர்த்தணும், பேட்டரிக்காகத் திறக்கும்போது அதையும் சேத்துப் பாத்துக்கலாம்.